ஆஃப்ரா சொல்ல, நஃபீசா எழுதியது

லப்பைக்குடிகாட்டில் கதை எழுதுகிறவர் என்றால் இருபது வருடமாக நஃபீசா ஒருத்திதான். பத்திரிகைகளில் இருபத்து மூன்று கதைகள் வந்திருந்தன. அதில் பதினான்கைத் திருச்சிப் பதிப்பகம் ஒன்று புத்தகமாகப் போட்டது. ஊரில் அதைப் படித்தவர்கள் அதிகமில்லை. ஆனாலும் கல்யாண வீட்டுக்குப் போனால் யாராவது ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம், இவங்க கதை எழுதுறவங்க என்று சொல்வார்கள். நஃபீசா காதில் விழாதவள் போல நிற்பாள். யாரும் அப்படிச் சொல்லாத கல்யாணங்களில் அவளுக்கு பிரியாணி அவ்வளவாக இறங்காது.

கோடு போட்ட நோட்டில் மை பேனாவால் எழுதுவாள். ஒரு கதைக்கு மூன்று மாதம் ஆகும். முதலில் ஒரு தடவை எழுதி, ஒரு வாரம் மூடி வைத்து, பிறகு அடித்து, மறுபடி எழுதி, நான்காவது பிரதிதான் தபாலில் போகும். கணவர் ஹுமாயூன் இருபத்து நான்கு வருடமாக ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் இருந்தார். மகள் ஷைமா திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தாள். வீட்டில் நஃபீசாவுடன் இருந்தது ஆஃப்ரா மட்டும்தான். ஆஃப்ரா ஹுமாயூனின் தம்பி ஆசிப்பின் மனைவி, நஃபீசாவுக்கு ஓர்ப்படியாள். ஆசிப் தோஹாவில் எலக்ட்ரீசியன்.

ஆஃப்ராவுக்கு இருபத்தொன்பது வயது. அரியலூரில் இரும்புக் கடை வைத்திருப்பவரின் மகள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், எழுதினால் ‘ற’வும் ‘ர’வும் இடம் மாறும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஐந்தாவது மாதத்தில் அவளுக்குக் கர்ப்பம் கலைந்தது. டாக்டர் எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட, படுத்தபடியே போனில் ‘பூவரசு’ என்ற கதைச் செயலியில் தொடர்கதைகளைக் கேட்க ஆரம்பித்தாள். நஃபீசாதான் வேளாவேளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், தலை வாரி விட்டாள். ஒருநாள் ஆஃப்ரா, தானும் ஒன்று எழுதிப் பார்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது நஃபீசா தாராளமாக எழுதச் சொன்னாள். படம் வரைகிறேன் என்று கேட்கிற பிள்ளைக்கு அனுமதி கொடுப்பது போலத்தான் அதைச் சொன்னாள்.

ஆஃப்ரா எழுதவில்லை, பேசினாள். மொட்டை மாடியில் துணி காயப் போடுகிற கொடிகளுக்கு நடுவே நடந்துகொண்டே போனிடம் சொல்லுவாள். போன் அதை எழுத்தாக்கும். அந்த எழுத்தை இன்னொரு செயலியிடம் கொடுத்துப் பிழை திருத்தச் சொல்லுவாள். முதல் அத்தியாயத்தை பிரிண்ட் எடுத்து நஃபீசாவிடம் காட்டினாள். நஃபீசா சிவப்பு மையில் நிறையத் திருத்தி, கதை இப்படிப் பேச்சு மாதிரி ஓடக்கூடாது என்று எடுத்துச் சொன்னாள். ஆஃப்ரா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். செயலியில் வந்ததைப் பார்த்தால், சிவப்பு மைத் திருத்தங்களில் ஒன்றுகூட ஏறியிருக்கவில்லை.

தொடரின் பெயர் ‘நாலாம் நம்பர் அறை’. தோஹாவில் ஓர் அறையில் அடுக்குக் கட்டில்களில் தங்கியிருக்கிற எட்டுப் பேரின் கதை. வியாழன்தோறும் மாலை நான்கு மணிக்கு வந்தது. ஆறாவது அத்தியாயத்தில் வளைகுடாவில் இருக்கிறவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பத்தாவதில் அவர்களுடைய மனைவிமார் வந்தார்கள். இருபதாவது வந்தபோது, அத்தியாயம் ஏறிய பத்து நிமிஷத்துக்குள் நூறு பேர் கருத்து எழுதினார்கள். என் கட்டிலும் ஜன்னல் ஓரம்தான் என்று ஒருவர். இதை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், இனிமேல் போனில் சண்டை போட மாட்டேன் என்கிறார் என்று இன்னொருவர்.

நஃபீசா ஒன்று விடாமல் எல்லாக் கருத்தையும் படித்தாள். அவளுடைய புத்தகத்துக்கு முதல் வருடம் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, துறையூரிலிருந்து ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் எழுதியது. அறுபத்தோராம் பக்கத்தில் அச்சுப் பிழை இருப்பதாகத் தெரிவித்திருந்தார்.

ஆஃப்ராவின் தொடர் வந்துகொண்டிருந்த அந்த வருடம் அரியலூர் புத்தகக் கண்காட்சியில் நஃபீசாவைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கைபேசி எழுத்தை விழுங்கிவிடுமா என்பது தலைப்பு. ஆஃப்ராவும் கூட வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். நஃபீசா நன்றாகப் பேசினாள். கையில் பேனா பிடித்து, அடித்துத் திருத்தி, ஒரு வார்த்தைக்காக நாள் கணக்கில் காத்துக் கிடக்கிறவர்தான் எழுத்தாளர் என்றும், விரலால் தள்ளிவிட்டுப் போகிற எழுத்து விரலோடு போய்விடும் என்றும் சொன்னாள். சொல்லும்போது முன்வரிசையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். ஆஃப்ரா எல்லோருடனும் சேர்ந்து கை தட்டினாள்.

பேச்சு முடிந்து மேடையிலிருந்து இறங்கியதும் ஐந்தாறு இளம்பெண்கள் நஃபீசாவை நோக்கி வேகமாக வந்தார்கள். அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அவர்கள் அவளைத் தாண்டிப் போய் ஆஃப்ராவைச் சூழ்ந்துகொண்டார்கள். செயலியில் இருக்கிற படத்தை வைத்து அடையாளம் கண்டிருக்கிறார்கள். தொடரில் வருகிற கமால் பாய்க்கு ஊருக்கு வர லீவு கிடைக்குமா, கிடைக்காதா என்று கேட்டார்கள். ஒருத்தி தன் போனை நஃபீசாவிடம் நீட்டி, நாங்க எல்லாரும் தெரியுற மாதிரி ஒரு படம் எடுங்க ஆன்ட்டி என்றாள். நஃபீசா எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஆஃப்ரா, உங்க பேச்சு ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா என்று மனசாரச் சொன்னாள். அந்த நல்ல மனசுதான் நஃபீசாவுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

இருபத்து மூன்றாவது அத்தியாயம் வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து ஹுமாயூன் வழக்கம் போலப் பேசினார். குரல் ஒரு மாதிரி கரகரத்தது. என்ன என்று கேட்டதற்கு, ஆஃப்ரா எழுதியதைப் படித்ததாகவும், படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை என்றும் சொன்னார்.

நஃபீசாவும் அதைப் படித்திருந்தாள். கமால் பாய் என்கிற வயதானவர் வெள்ளிக்கிழமைதோறும் பெட்டியிலிருந்து ஓர் இளம்பச்சைச் சட்டையை எடுத்து இஸ்திரி போடுவார். மனைவி வாங்கி அனுப்பிய சட்டை. அதை அணிய மாட்டார். மடித்து மறுபடி பெட்டியில் வைத்துவிடுவார். ஊருக்குத் திரும்பிப் போகிற அன்றைக்குப் போடுவதற்காக ஒன்பது வருடமாக இப்படியே வைத்திருக்கிறார். ஹுமாயூனுக்கு நஃபீசா ஒருமுறை இளம்பச்சைச் சட்டை அனுப்பியிருந்தாள். அதை அவர் அணிந்து ஒரு படத்தில்கூடப் பார்க்காததால் பிடிக்கவில்லை போல என்று நினைத்து விட்டுவிட்டிருந்தாள்.

“அந்தச் சட்டை உங்களுதா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றார். ஆஃப்ரா ஒருநாள் ஆசிப்போடு சேர்த்து அவரையும் போனில் கூப்பிட்டு, கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டியில் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாளாம். சொன்னாராம்.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீ கேட்டதில்லையே நஃபீசா.”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அவளுடைய புத்தகத்தை முழுசாகப் படித்தாரா என்று நஃபீசா கேட்டாள். புத்தகம் வந்த எட்டு வருடத்தில் அதையும் அவள் கேட்டதில்லை. இரண்டு கதை படித்ததாகவும், அது பெரிய படிப்புப் படித்தவர்களுக்கானது போல இருந்ததாகவும் சொன்னார். நஃபீசா மாத்திரை போட்டீர்களா என்று கேட்டுவிட்டு போனை வைத்தாள்.

தன் புருஷன் தன்னிடம் சொல்லாத ஒன்றை இன்னொருத்தியிடம் சொல்லியிருக்கிறார். அதை அவள் ஊருக்கே சொல்லிவிட்டாள். சொன்ன விதத்தில் அவரே அழுதிருக்கிறார். இதில் எது தன்னை அதிகமாகச் சுடுகிறது என்று நஃபீசாவுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை ஆஃப்ரா குளிக்கப் போயிருந்தாள். அவளுடைய போன் சாப்பாட்டு மேசையில் சார்ஜில் கிடந்தது. திரை அணையவில்லை. பிழை திருத்துகிற செயலி திறந்திருந்தது. மேலே, எழுத்துப் பிழையை மட்டும் திருத்து, வேற எதையும் மாத்தாதே என்று ஆஃப்ரா எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, இதோ உங்கள் அத்தியாயம் என்று செயலி பதில் சொல்லியிருந்தது. அதன் கீழ் இளம்பச்சைச் சட்டை.

நஃபீசா தன் போனை எடுத்து அந்தத் திரையைப் படம் பிடித்தாள். ஆஃப்ரா எழுதிய வரி படத்தில் விழாதபடி போனைச் சற்றுக் கீழே இறக்கிப் பிடித்தாள். பிடிக்கும்போது கை நடுங்கவில்லை. பிற்பாடு இதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கை நடுங்காததுதான் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது.

‘உண்மை வாசகி’ என்ற பெயரில் செயலியில் ஒரு கணக்குத் தொடங்கினாள். இந்தத் தொடரை மனிதர் எழுதவில்லை, மெஷின் எழுதுகிறது, ஆதாரம் கீழே என்று ஆறு வரி. அந்த ஆறு வரியையும் முதலில் நோட்டில் எழுதி, இரண்டு தடவை அடித்துத் திருத்திய பிறகுதான் போட்டாள்.

சாயங்கால அஸர் தொழுகை நேரத்துக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. தொடரைப் படித்து அழுதவர்கள்தான் அதிகமாகத் திட்டினார்கள். எங்கள் கண்ணீரோடு விளையாடிவிட்டாய் என்றார்கள். ஜன்னல் ஓரக் கட்டில்காரர் தான் எழுதிய கருத்தை அழித்துவிட்டுப் போனார். செயலியின் வருடாந்திரப் போட்டியில் கடைசிப் பத்துக்குள் வந்திருந்த தொடரை, விசாரணை முடியும்வரை பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்று நஃபீசா நன்றாகச் சாப்பிட்டாள்.

ஆஃப்ரா அழவில்லை. விளக்கம் எழுதிப் போட்டாள், யாரும் நம்பவில்லை. மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். காய்ந்த துணியை எடுக்கக்கூட நஃபீசாதான் ஏற வேண்டியிருந்தது. நான்காவது நாள் ஆசிப் போனில் பேசினான். அவன் அறையில் இருப்பவர்கள் அவனோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்களாம். நாங்க மனசு விட்டுச் சொன்னதையெல்லாம் உன் பொண்டாட்டி மெஷின்கிட்டயா குடுத்தா என்று ஒருவர் கேட்டாராம். ஆஃப்ரா அதை நஃபீசாவிடம் அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். நஃபீசாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தப் பதிவை அழிக்கவில்லை. உண்மையிலேயே மெஷின்தான் எழுதியிருக்குமோ என்று அதற்குள் அவளே பாதி நம்பத் தொடங்கியிருந்தாள். அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

பூவரசு செயலியிலிருந்து சிந்தாமணி என்ற பெண் ஆஃப்ராவை போனில் கூப்பிட்டார். இந்த மாவட்டங்களின் வாசகர் கூட்டங்களை நடத்துகிறவர் அவர்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் வாசகர் சந்திப்பு இருப்பதாகவும், ஆஃப்ரா அங்கே வந்து எல்லோர் முன்னிலையிலும் போன் இல்லாமல் கையால் ஓர் அத்தியாயம் எழுதிக் காட்டினால் பிரச்சினை முடிந்துவிடும் என்றும் சொன்னார். என்ன எழுத வேண்டும் என்பதை அங்கேதான் சொல்வார்களாம்.

அன்று மதியம் ஆஃப்ரா நஃபீசாவின் அறை வாசலில் வந்து நின்றாள்.

“என் கையெழுத்தைப் பார்த்தா அவங்க சிரிப்பாங்கக்கா. எழுத உக்காந்தா எனக்குக் கதையும் வராது. நான் சொல்றேன், நீங்க எழுதுறீங்களா? சிந்தாமணி மேடம்கிட்ட கேட்டுட்டேன். நீங்க எழுதினா ஒத்துக்குறேன்னு சொல்லிட்டாங்க.”

மறுத்தால் சந்தேகம் வரும் என்று நஃபீசா யோசித்தாள். அதற்கு அடியில் இன்னொரு நினைப்பும் இருந்தது. திருத்தித் தர மெஷினும் இல்லாமல், யோசிக்க நேரமும் இல்லாமல், நாற்பது பேர் பார்க்க ஆஃப்ராவுக்கு ஒன்றும் வராது. அதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். சரி என்றாள்.

பெரம்பலூர் துறைமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் நடந்தது. பெண்கள்தான் அதிகம். பின்வரிசையில் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த ஆண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். சிந்தாமணி கண்டிப்பான ஆள் போல இருந்தார். இருவருடைய போனையும் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். நஃபீசாவுக்கு முன்னால் வெள்ளைத் தாள்களை வைத்தார்.

“அந்த ரூம்ல ஒரு நாள் கரண்ட் போயிடுது. அதுலேர்ந்து சொல்லுங்க” என்றார்.

ஆஃப்ரா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது. யாரோ இருமினார்கள். நஃபீசா பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த மௌனம் நீள நீள அவளுக்குள் ஏதோ இளகி, சௌகரியமாகச் சாய்ந்து உட்காருவது போல இருந்தது.

ஆஃப்ரா எழுந்து நின்றாள். உட்கார்ந்தால் தனக்கு வராது என்று சொல்லிவிட்டு, வரிசைகளுக்கு நடுவே இருந்த இடத்தில் நடக்க ஆரம்பித்தாள். நடந்துகொண்டே சொன்னாள்.

ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை, மதிய நேரம். எட்டுப் பேரும் தூங்குகிறார்கள். ஜன்னலில் மாட்டியிருக்கிற பழைய ஏசி லாரி மாதிரி உறுமிக்கொண்டு ஓடுகிறது. அந்த உறுமல் பழகிப்போய் அவர்களுக்கு அது சத்தமாகவே படுவதில்லை. திடீரென்று நிற்கிறது. நின்றதும் முதலில் யாருக்கும் வேர்க்கவில்லை, காதுதான் அடைத்தது என்றாள். பிறகு ஒருவர் மூச்சு விடுவது இன்னொருவருக்குக் கேட்கிறது. கீழ்க் கட்டில்காரர் முட்டியைச் சொடுக்குவது கேட்கிறது.

நஃபீசாவின் பேனா ஓடியது. ஆஃப்ரா வேகமாகவும் சொல்லவில்லை, மெதுவாகவும் சொல்லவில்லை. ஒரு கை எழுதுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவுக்குச் சொன்னாள். எங்கேயும் திரும்பிப் போய் மாற்றவில்லை. அடுத்து என்ன வரும் என்று நஃபீசா ஒவ்வொரு வரியிலும் ஊகித்துப் பார்த்தாள். ஒருமுறைகூட ஊகம் சரியாக இல்லை. வந்தது ஒவ்வொன்றும் அவள் ஊகித்ததைவிட எளிதாக இருந்தது.

ஆஃப்ரா பின்வரிசை வரை போய்த் திரும்பினாள்.

“ஏசி சத்தம் நின்னதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது, அந்த ரூம்ல ஒருத்தர் எப்பவும் அழுதுக்கிட்டே இருந்திருக்கார்னு. யாருன்னு யாரும் திரும்பிப் பார்க்கலை.”

நஃபீசாவின் கை நின்றது. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடம், இருபத்து மூன்று கதை, ஒவ்வொன்றுக்கும் நான்கு பிரதி. இப்படி ஒரு வரி அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. வந்ததில்லை என்பதைக்கூட இதுவரை அவளுக்கு யாரும் காட்டியதில்லை. நெஞ்சுக்குள் மிளகாயை அரைத்துப் பூசியது போலக் காந்தியது. அதையும் மீறிக் கை அந்த வரியை எழுதியது. எழுதும்போது, தன்னை அறியாமலா அறிந்தா என்று சொல்ல முடியாது, ஒரு வார்த்தையை மாற்றினாள். அழுதுகொண்டே இருந்திருக்கிறார் என்பதை விசும்பிக்கொண்டே இருந்திருக்கிறார் என்று எழுதினாள்.

அத்தியாயம் ஒன்பது பக்கம் வந்தது. அந்த மதியம் எட்டுப் பேரும் மாடிப்படியில் படிக்கு ஒருவராக உட்கார்ந்து ஒரே அட்டைத் துண்டை மாற்றி மாற்றி விசிறிக்கொள்வதோடு முடித்தாள். சிந்தாமணி தாள்களை நஃபீசாவிடமே திருப்பிக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நஃபீசா வாசித்தாள். மாற்றிய வரி வந்தபோது ஆஃப்ரா மெல்லக் கையை உயர்த்தினாள்.

“அக்கா, நான் விசும்பல்னு சொல்லலை. அழுதுன்னுதான் சொன்னேன். அவர் வாய்விட்டுத்தான் அழுதிருக்கார். சத்தத்துல கேக்கலை, அவ்வளவுதான்.”

நஃபீசா அந்த வார்த்தையை அடித்து மேலே சரியாக எழுதினாள். எழுதிவிட்டு அந்த வரியை மறுபடி வாசித்தாள். பின்வரிசையிலிருந்து சட்டையை வெளியே விட்டிருந்த ஒருவர் எழுந்து, யாரையும் பார்க்காமல் கூடத்துக்கு வெளியே போனார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

கூட்டத்துக்கு அதற்குமேல் நிரூபணம் தேவைப்படவில்லை. ஆனாலும் சிந்தாமணி ஒழுங்குக்காக நஃபீசாவிடம் மைக்கைக் கொடுத்து, ஒரே வூட்ல இருக்கிறவங்க நீங்க, உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க என்றார். நஃபீசா எழுந்து நின்றாள். ஆஃப்ராதான் சொல்லுவாள், மெஷின் ‘ற’வையும் ‘ர’வையும் மட்டும் திருத்தும், தான் கண்ணால் பார்த்திருப்பதாகச் சொன்னாள். அப்படியானால் அந்தப் படத்தை யார் எடுத்திருப்பார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். நஃபீசா மைக்கை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கை தட்டலில் அந்தக் கேள்வி அமுங்கிப்போனது.

குன்னம் வழியாகப் போகிற பஸ்ஸில் இருவருக்கும் ஒரே இருக்கை கிடைத்தது. ஆஃப்ரா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மக்காச்சோளக் கொல்லைகள் ஓடிக்கொண்டிருந்தன. வேப்பூர் தாண்டுகிறவரை நஃபீசா எப்படிச் சொல்வதென்று மனதுக்குள் அடித்து அடித்து எழுதிப் பார்த்தாள். கடைசியில் ஒரு வாக்கியம்தான் வந்தது.

“அந்தப் படத்தை எடுத்தது நான்தான் ஆஃப்ரா.”

“தெரியும்” என்றாள் ஆஃப்ரா. “போனுக்கு அடியில நம்ம மேசை விரிப்பு தெரியுது. மொத நாளே பார்த்துட்டேன்.”

“தெரிஞ்சுமா என்னை எழுதக் கூப்பிட்டே?”

“நீங்க எழுதினா நான் சொன்னது ஒண்ணும் விட்டுப்போகாதுன்னு தெரியும். அது வேற, இது வேற.”

ஆஃப்ரா பிறகு வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மறுபடி பேசினாள்.

“வேற யாரு செஞ்சிருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்லைக்கா. அவங்களுக்கு என்ன தெரியும். நீங்க எழுதுறவங்க. ஒரு வரி எப்படி வருதுன்னு தெரிஞ்சவங்க. எனக்குப் பாலும் கஞ்சியும் ஊத்தின கை. அதனாலதான் என்னால தாங்க முடியலை. சோறாக்குறது, பேசுறது எல்லாம் எப்பவும் போல இருக்கட்டும். இனிமே நான் எழுதுறதை உங்ககிட்ட காட்ட மாட்டேன்.”

நஃபீசா தலையை ஆட்டினாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் ஆஃப்ரா ஏதாவது சொல்லியாக வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்தை வேறு அவளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று தோன்றியது.

மூன்று நாள் கழித்து நஃபீசா தன் சொந்தப் பெயரில் செயலியில் எழுதினாள். முதல் பிரதி நான்கு பக்கம் வந்தது. அதில் இருபது வருடம் இருந்தது, சட்டை இருந்தது, அரியலூரில் எடுத்துக் கொடுத்த படம் இருந்தது. எல்லாவற்றையும் அடித்தாள். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: உண்மை வாசகி நான். படத்தில் ஆஃப்ராவின் வரியை மறைத்தது நான். அவள் எழுத்து அவளுடையது. பொறாமையால் செய்தேன்.

ஆயிரக்கணக்கில் வந்து திட்டினார்கள். அவள் எழுதி அதிகம் பேர் படித்தது அந்த நான்கு வாக்கியங்களைத்தான். திருச்சிப் பதிப்பகத்தார் இரண்டாவது தொகுதியைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று சுருக்கமாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். ஷைமா விடுதியிலிருந்து கூப்பிட்டு, ஏம்மா இப்படி என்று கேட்டு அழுதாள். ஹுமாயூன் அந்த வெள்ளிக்கிழமை பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பேசினார், ஆனால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடையில் புதிதாக வந்திருக்கிற பேரீச்சம்பழத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தோஹாவில் ஆசிப்பின் அறைக்காரர்கள் பழையபடி ஆனார்கள். ஆஃப்ராவின் தொடர் போட்டிக்குள் திரும்ப வந்தது. முதல் பரிசு ஒரு பேய்க் கதைக்குப் போனது, ஆஃப்ராவுக்கு இரண்டாவது. செய்தி வந்தபோது நஃபீசா அடுப்படியில் இருந்தாள். இரண்டாவது என்று கேட்டதும் அவளுக்கு முதலில் ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே அதை அடையாளம் கண்டுகொண்டாள். அடுப்பைத் தணித்துவிட்டுப் போய் ஆஃப்ராவின் வாயில் சீனி போட்டாள். ஆஃப்ரா வாங்கிக்கொண்டாள். சிரித்தாளா என்று நஃபீசாவால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மாடியில் மறுபடியும் ஆஃப்ராவின் குரல் கேட்டது. நஃபீசா கீழே இருந்தால் வார்த்தைகள் பிடிபடாது, ஏற்ற இறக்கம் மட்டும் வரும். காதைத் தீட்டக் கூடாது என்று ரேடியோவைப் போட்டுக்கொள்வாள். அத்தியாயத்தை மற்றவர்களைப் போல வியாழன் நான்கு மணிக்குத்தான் படித்தாள். சில வாரம் நான்கு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே போனைக் கையில் எடுத்துவிட்டு, எடுத்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள். அவளுடைய நோட்டில் ஒரு கதை பாதியில் நின்றது. கிழித்துப் போடவும் இல்லை, தொடரவும் இல்லை.

மாசி மாதம் ஒரு முற்பகல், வாசலில் ஓர் ஆளும் மனைவியும் நின்றார்கள். செந்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவர் பதினோரு வருடம் தோஹாவில் இருந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பியவர். கையில் ஒரு பை பேரீச்சம்பழம்.

“கதை எழுதுறவங்க வூடு இதானுங்களா?”

நஃபீசா கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் அப்படியே நின்றாள். இந்தக் கேள்வியோடு அந்த வாசலுக்கு இதற்கு முன் யாரும் வந்ததில்லை.

“இதுதாங்க. உள்ள வாங்க, உக்காருங்க” என்றாள். மாடிப்படிக்குக் கீழே போய் நின்று, “ஆஃப்ரா, உன்னைப் பார்க்க வந்திருக்காங்க” என்று கூப்பிட்டாள்.

ஆஃப்ரா இறங்கி வந்ததும் அவர்கள் பேசத் தொடங்கினார்கள். நஃபீசா தேநீருக்குப் பால் வைத்தாள். கூடத்திலிருந்து அந்த ஆளின் குரல் வந்துகொண்டே இருந்தது. நடுநடுவே ஆஃப்ரா சின்னதாக ஏதோ கேட்பாள், உடனே அவர் மறுபடி ஆரம்பிப்பார். அதைக் கேட்கக் கேட்க, பெரம்பலூர்க் கூடத்தில் காந்தியது போலவே நெஞ்சு காந்தியது. இது போகாது போலிருக்கிறது என்று நினைத்தாள். பால் பொங்கியது. தேநீர் போட்டு ஐந்து கிளாஸில் ஊற்றித் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஆஃப்ராவுக்கும் கொடுத்துவிட்டுப் பார்த்தால் தட்டில் இரண்டு மிச்சம் இருந்தது. எண்ணிக்கை தவறிவிட்டது. ஒன்றை அந்த ஆளின் மனைவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மற்றதைத் தான் எடுத்துக்கொண்டு, சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் சொல்வதைக் கேட்க உட்கார்ந்தாள்.